மோவாயில் காயம், காதருகே முறிவு

புணே நகரின் வடமேற்கே அமைந்துள்ள வாகட், ஒரு தலைமுறைக்கு முன்னர் வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. இன்று அது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கிய, அடுக்குமாடி வீடுகள் நெருங்கிய குடியிருப்பாகிவிட்டது. மும்பையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலை அதனை ஒட்டிச் செல்கின்றது. அருகே ஹிஞ்சவடியில் கணிப்பொறித் தொழில் நிறுவனங்கள் நிறைந்துள்ளன. அவற்றில் பணிபுரிய வந்த தமிழ்க் குடும்பங்களும் வாகடில் வாழ்கின்றன. காலையும் மாலையும் இங்குள்ள சாலைகளில் இருசக்கர வாகனங்கள் வெள்ளமாகப் பெருகுகின்றன. போக்குவரத்து மிகுந்த இடத்தில் விபத்துகளும் நேரவே செய்யும். விழுபவர் பலருக்கு முதலில் அடிபடுவது முகத்திலேதான்.

முகத்தில் பட்ட அடியின் உண்மை அளவைக் காயத்தைக் கொண்டு மதிப்பிட இயலாது. தோலில் பெரிய வெட்டு இருந்து, உள்ளே எலும்பு பழுதின்றி இருக்கலாம். வெளியே சிறு கீறல் மட்டும் தெரிய, உள்ளே எலும்பு இரண்டு மூன்று இடங்களில் முறிந்தும் இருக்கலாம். அந்த உள்நிலையைக் காட்டுவதற்கு இன்று நமக்குக் கிடைத்துள்ள சிறந்த கருவி சி.டி. ஸ்கேன். அது எவ்வாறு காண்கின்றது, எப்போது அதனை நாட வேண்டும், எப்போது வேண்டுவதில்லை என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

முதலில் முகத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். முகத்தில் உள்ள எலும்புகள் 14. அவற்றுள் அசையக்கூடியது கீழ்த்தாடை ஒன்றே. அது குதிரையின் லாடம்போல் வளைந்து, இரு பக்கமும் மேலெழுந்து, இரண்டு காதுகளுக்கும் சற்று முன்னே மண்டையோட்டுடன் மூட்டாகப் பொருந்தியிருக்கின்றது. வாயைத் திறந்து மூடுங்கால் காதின் முன்பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தால் அம்மூட்டு அசைவதை எவரும் உணரலாம். மூட்டில் பொருந்தும் அந்த முனை சிறியது. அதன் கழுத்துப் பகுதியோ மெலிந்தது. மோவாயில் பலமாக அடிபட்டால், அந்த விசை தாடையின் வழியே பின்னோக்கிச் சென்று அந்த மெலிந்த கழுத்தில் தாக்குகின்றது. மோவாய்க்கு ஒன்றும் ஆகாமல், காதருகே எலும்பு முறிந்துவிடுவது இதனாலேதான். வளையல் ஒன்றை அழுத்தினால் அது பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் உடைவதில்லை. தாடையும் அத்தகையதே. ஓரிடத்தில் முறிவைக் கண்ட மருத்துவர் மற்றோர் இடத்திலும் முறிவு உண்டோ எனத் தேடுவது இக்காரணம் பற்றியே.

இச்செய்தி பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே மிக முக்கியமானது. படிக்கட்டில் தடுக்கியோ, மிதிவண்டியிலிருந்து நழுவியோ மோவாய் தரையில் மோத விழும் குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். மோவாயின் வெட்டுக்குத் தையல் போடப்படுகின்றது. ஒரு வாரத்தில் புண் ஆறிவிடுகின்றது. எல்லோரும் அதனை மறந்துவிடுகின்றனர். மூட்டுமுனை முறிந்திருந்து, அது கவனிக்கப்படாமல் போனால், முறிந்த இடத்தில் புதிய எலும்பு வளர்ந்து தாடையை மண்டையோட்டுடன் ஒட்டவைத்துவிடக் கூடும். குழந்தையின் வாய் மாதத்துக்கு மாதம் சிறிது சிறிதாகக் குறுகித் திறக்கின்றது. உணவு உண்ணலும் பல் துலக்கலும் கடினமாகின்றன. மூட்டுமுனை தாடையின் வளர்ச்சிக்கும் உரிய இடமாதலால் மோவாய் பின்தங்கிப்போகின்றது. முகம் ஒருபுறம் கோணுவதும் உண்டு. தாடை சிறுத்தால் மூச்சுவழி ஒடுங்கி, உறக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் தோன்றும். இந்நிலைக்கு மூட்டு இறுக்கம் என்று பெயர். நம் நாட்டில் இதற்கு முதன்மையான காரணம், சிறு வயதில் மோவாயில் பட்ட அடியே ஆகும்.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், சிறு குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. சில நாட்கள் மென்மையான உணவு, வலி தணிந்ததும் வாயைத் திறந்து மூடும் பயிற்சி, சில ஆண்டுகளுக்கு மருத்துவரிடம் சென்று தாடையின் வளர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுதல் ஆகியவையே சிகிச்சை. கவனிக்காது விட்டுவிட்டால், ஒட்டிய எலும்பை வெட்டி நீக்கி மூட்டைப் புதிதாக அமைக்கும் பெரிய அறுவை வேண்டியதாகின்றது. மருத்துவத்தில் இவ்வளவு எளிய கவனம் இவ்வளவு பெரிய துன்பத்தைத் தவிர்க்கும் இடங்கள் மிகச் சிலவே.

இனி, கருவிக்கு வருவோம். ஜெர்மனியில் ராண்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அவை தசையை எளிதில் ஊடுருவும். எலும்பில் பெரிதும் தடைபடும். ஆகவே கையை வைத்துப் படமெடுத்தால் எலும்பின் நிழல் தெளிவாக விழுகின்றது. முகத்திலோ நிலைமை வேறு. தோற்பாவைக் கூத்தில் இரண்டு பாவைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தால் திரையில் இரு நிழல்களும் கலந்து ஒன்றாகிவிடும். எது முன், எது பின் என்று சொல்ல இயலாது. முகத்தின் எக்ஸ் கதிர்ப் படமும் அப்படிப்பட்டதே. வலக் கன்னத்தின் நிழல்மேல் இடக் கன்னத்தின் நிழல் விழும். பற்களின்மேல் கழுத்தெலும்பு விழும். மெல்லிய கோடு போன்ற முறிவு அந்தக் குழப்பத்தில் மறைந்துபோகும்.

இக்குறையை நீக்க ஒரு வழி உண்டு. ஒரு தென்னந்தோப்பை ஒரு பக்கத்தில் நின்று பார்த்தால் முன்னிற்கும் மரம் பின்னிற்கும் மரத்தை மறைக்கும். தோப்பைச் சுற்றி நடந்து, நூறு இடங்களில் நின்று நோக்கிக் குறித்துக்கொண்டால், உள்ளே செல்லாமலேயே ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கின்றது என்று வரைந்துவிடலாம். சி.டி. ஸ்கேன் செய்வதும் இதுவே. நோயாளி ஒரு மேசைமேல் படுத்திருக்க, பெரிய வளையம் ஒன்றினுள் எக்ஸ் கதிர்க் குழாய் தலையைச் சுற்றிவருகின்றது. எதிர்ப்புறத்தில் உள்ள உணர்கருவிகள், எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் உடலைக் கடந்து வந்தது என்று அளக்கின்றன. நூற்றுக்கணக்கான கோணங்களில் கிடைத்த அளவுகளைக் கணிப்பொறி கூட்டிக் கணித்து, வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கி வைத்தாற்போலத் தலையின் குறுக்குவெட்டுப் படங்களை வரைந்து தருகின்றது. முகத்துக்கான படங்களில் ஒரு வெட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருத்தல் இயலும். அவ்வெட்டுகளை மீண்டும் அடுக்கி, முகத்தின் எலும்பு முழுவதையும் முப்பரிமாண உருவமாகத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் முடியும்.

இக்கருவியை அமைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலறிஞர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். நாய்ச் சின்னம் பொறித்த இசைத்தட்டுகளால் நம்மவர்க்கு அறிமுகமான இ.எம்.ஐ. நிறுவனத்தில் அவர் பணிபுரிந்தார். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், லண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை இவ்வாறு படமெடுக்கப்பட்டது. இக்கணிதத்தை முன்னரே ஆராய்ந்திருந்த ஆலன் கார்மாக் என்பவருடன் ஹவுன்ஸ்ஃபீல்ட் 1979இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வரலாற்றில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய மற்றொரு பெயரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கிப் புகழ்பெற்றவர் ஜி. என். ராமச்சந்திரன். பின்னர் அவர் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றார். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதற்படம் எடுக்கப்பட்ட அதே 1971இல், அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் நிழற்படங்களிலிருந்து உருவத்தை மீட்டெடுக்கும் விரைவான கணித வழி ஒன்றை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டனர். பல கோணங்களில் கிடைத்த நிழல்களை அப்படியே திரும்பப் பரப்பினால் உருவத்தைச் சுற்றி மங்கல் படர்ந்துவிடும். பரப்புமுன் ஒவ்வொரு நிழலையும் ஒரு குறிப்பிட்ட கணிதச் சல்லடையில் சலித்துவிட்டால் மங்கல் நீங்கி உருவம் கூர்மையாகின்றது. வானொலி அலைகளைக் கொண்டு விண்ணை ஆராய்ந்த பிரேஸ்வெல் போன்றோரும் இதனை ஒத்த வழியை அதற்கு முன்னரே கண்டிருந்தனர். ஆயினும், உலகெங்கும் இத்துறையின் பாடநூல்களில் அச்சல்லடை இருவர் பெயரின் முதற்பகுதிகளையும் இணைத்து ராம்-லாக் என்றே வழங்குகின்றது. ஊர் விட்டு ஊர் சென்று உழைத்த அறிஞர் ஒருவரின் கணிதம், இன்று எந்த மொழி பேசும் ஊரிலும் உள்ள ஸ்கேன் நிலையத்தில் அடிப்படையாக நின்று பயன்படுகின்றது.

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. நீருக்கு 0, காற்றுக்கு -1000 என்று அதன் அளவுகோல் வகுக்கப்பட்டுள்ளது. கொழுப்பு ஏறத்தாழ -100 அளவில் நிற்கும்; கெட்டியான எலும்பு +1000ஐயும் கடக்கும். ஒரே படத்தை எலும்பு தெளிவாகத் தெரியும்படியும், மென்தசை தெளிவாகத் தெரியும்படியும் மருத்துவர் மாற்றி மாற்றிக் காண இயல்வது இதனாலேதான்.

இக்கருவி முகத்தில் எவற்றைக் காட்டுகின்றது? முதலாவது, முறிவுகள். தாடையின் மூட்டுமுனை எப்பக்கம் சாய்ந்துள்ளது, துண்டுகள் எவ்வளவு விலகியுள்ளன என்பவை அறுவை வேண்டுமா, வேண்டாவா என்று முடிவு செய்யத் துணைபுரிகின்றன. மேல்தாடை முறியும் வகைகளை ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1901இல் வகுத்துக் காட்டினார். அவ்வகைகளை இன்று படத்திலேயே நேரில் காணலாம். கண்குழியின் அடித்தளம் காகிதம்போல் மெல்லியது. கண்ணில் பந்தோ முட்டியோ தாக்கினால் அத்தளம் உடைந்து, கண்ணை அசைக்கும் தசை அவ்வுடைப்பில் சிக்கிக்கொள்ளும். குழந்தைகளுக்கு இது நேரும்போது கண்ணில் சிவப்போ வீக்கமோ மிகுதியாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் குழந்தை மேலே பார்க்க இயலாமல் தவிக்கும், பொருள்கள் இரண்டாகத் தெரிவதாகச் சொல்லும், வாந்தியும் எடுக்கும். சிக்கிய தசையை விரைவில் விடுவிக்காவிடில் அது நிலையாகப் பழுதுபடும்.

இரண்டாவது, நோய்கள். தாடைக்குள் வலியின்றி வளரும் நீர்க்கட்டிகளும் பல்திசுவில் தோன்றும் கட்டிகளும் எலும்பை எவ்வளவு அரித்துள்ளன என்பதை சி.டி. அளந்து சொல்லும். சொத்தைப் பல்லின் சீழ் தாடையடியிலும் கழுத்திலும் பரவி மூச்சை நெருக்கும்போது, சீழ் எங்கே தேங்கியுள்ளது என்று காட்டும். புகையிலையால் வாயில் தோன்றும் புற்றுநோய் தாடை எலும்பைத் தொட்டுவிட்டதா என்பதையும் காட்டும். 2021இல் கொரோனா நோயின் இரண்டாம் அலையையடுத்துக் கருப்புப் பூஞ்சை நோய் மகாராஷ்டிரத்தில் மிகுதியாகப் பரவியபோது, அப்பூஞ்சை மூக்கை ஒட்டிய காற்றறைகளையும் மேல்தாடையையும் கண்குழியையும் எந்த அளவுக்கு அரித்துள்ளது என்று அறிய மருத்துவர்கள் சி.டி. படங்களையும் காந்தவியல் படங்களான எம்.ஆர்.ஐ. படங்களையும் பெரிதும் நம்பினர்.

ஆயினும் சி.டி. எல்லாம் அறிந்த கருவியன்று. தாடை மூட்டினுள் உள்ள குருத்தெலும்புத் தட்டு இடம் பெயர்ந்திருந்தால் அதனை எம்.ஆர்.ஐ.யே நன்கு காட்டும். கட்டி புற்றா, அன்றா என்பதைத் திசுவைச் சிறிது எடுத்துச் சோதித்தே உறுதிசெய்ய வேண்டும். பல்லில் அடைத்த உலோகமும் போட்ட உலோகத் தொப்பியும் படத்தில் கோடுகளைப் பரப்பி அருகிலுள்ளவற்றை மறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனைக்குப் பின்னரே ஸ்கேன் வருதல் வேண்டும்.

பல் மருத்துவர்களிடம் இதன் தம்பி போன்ற மற்றொரு கருவியைக் காணலாம். அதனைக் கூம்புக்கதிர் ஸ்கேன் என்பர், சி.பி.சி.டி. என்றும் வழங்குவர். நோயாளி நின்றோ அமர்ந்தோ இருக்க, கருவி தலையைச் சுற்றி வரும். கதிர் மெல்லிய விசிறிபோல் அல்லாமல் கூம்புபோல் விரிந்து செல்வதால் ஒரே சுற்றில் வேலை முடிகின்றது. கடைவாய் ஞானப்பல்லின் வேர் தாடை நரம்பைத் தொடுகிறதா, செயற்கைப் பல் பொருத்த எலும்பு போதுமா என்பன போன்ற கேள்விகளுக்கு அது ஏற்றது. மென்தசையை அது தெளிவாகக் காட்டாது. ஆகவே சீழ்க்கட்டி, புற்றுநோய், தலைக்காயத்துடன் கூடிய முகமுறிவு ஆகியவற்றுக்கு மருத்துவமனையின் சி.டி.யே வேண்டும்.

கதிரினால் தீங்கு நேராதா என்ற ஐயம் இயல்பானதே. நாம் வாழும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஆண்டுதோறும் நம்மீது கதிர் படுகின்றது. உலகச் சராசரியில் அது ஏறத்தாழ 2.4 மில்லி சீவர்ட். தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. என்ற சாதாரணப் படத்தில் இதில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவே படுகின்றது. கூம்புக்கதிர் ஸ்கேனில் அதனைவிட மிகுதி. மருத்துவமனை சி.டி.யில் இன்னும் மிகுதியாகி, முகத்துக்கு ஒரு மில்லி சீவர்ட்டை எட்டுதலும் உண்டு. தேவை உள்ளபோது இந்த அளவை அஞ்ச வேண்டுவதில்லை. தேவையின்றி ஒரு முறையும் எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. குழந்தைகளின் உடல் வளர்வதாதலால் அவர்களுக்கு இவ்விதி இருமடங்கு பொருந்தும். சாதாரணப் பல்வலிக்கு சி.டி. வேண்டாம். மோவாயில் அடிபட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் சி.டி. வேண்டும் என்பதும் இல்லை. மருத்துவர் மூட்டைத் தொட்டுச் சோதித்து ஐயம் கொண்டால் மட்டும் வேண்டும்.

கருவுற்றிருக்கும் பெண்கள் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முறிவைக் காண மட்டும் எடுக்கும் படத்துக்கு ஊசிமருந்து தேவையில்லை. சீழ், கட்டி முதலியவற்றைக் காண நரம்பில் மருந்து செலுத்தும்போது, சிறுநீரக நோய், நீரிழிவு மாத்திரைகள், முன்பு நேர்ந்த ஒவ்வாமை ஆகியவற்றைத் தெரிவித்தல் அவசியம். எக்ஸ் கதிர்க் கருவிகள் யாவும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அந்த அனுமதியைப் பற்றி நிலையத்தில் கேட்பது எவருக்கும் உரிமையே.

முகத்தில் அடிபட்டவரிடம் வீட்டிலேயே கவனிக்கத்தக்க குறிகள் சில உண்டு. பற்கள் முன்போல் பொருந்திக் கடிக்கவில்லை என்று அவர் சொல்லுதல்; தம்முடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்கும் அளவுக்கு வாய் திறவாமை; திறக்கும்போது மோவாய் ஒருபுறம் ஒதுங்குதல்; காதின் முன்னே வலி; கீழுதடு மரத்துப்போதல்; நாவின் அடியில் இரத்தக் கட்டு; பொருள் இரண்டாகத் தெரிதல். இவற்றுள் ஒன்று இருப்பினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறல், நில்லாத இரத்தப்போக்கு, நினைவு மயங்குதல், மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகுதல் ஆகியவை இருந்தால் ஒரு கணமும் தாமதியாமல் 108 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளதுபோலவே மகாராஷ்டிரத்திலும் அவ்வெண்ணே அவசர ஊர்திக்கு உரியது.

அயல் மாநிலத்தில் வாழும் நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. “அடுத்த மாதம் ஊருக்குப் போகிறோமே, அங்கே நமக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம்” என்று ஒத்திவைப்பதே அது. மொழி தெரியாத இடத்தில் நோயை எடுத்துரைப்பது கடினம் என்ற தயக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம். தாடை முறிவு பொங்கல் விடுமுறை வரை காத்திராது. முறிந்த எலும்பு சில வாரங்களுக்குள் தவறான நிலையிலேயே கூடிவிடும். மராத்தியில் தாடைக்கு ஜப்டா என்றும், மோவாய்க்கு ஹனுவடி என்றும் பெயர். வாய் திறக்கவில்லை என்பதை ‘தோண்ட் உகடத் நாஹீ’ என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் செவிலிக்கும் விளங்கிவிடும். பிம்ப்ரியில் மாநகராட்சி நடத்தும் யஷ்வந்த்ராவ் சவான் நினைவு மருத்துவமனையும், புணேயில் அரசினரின் சசூன் மருத்துவமனையும் எளியோரும் அணுகத்தக்கவை.

பின்னர் ஊருக்குச் சென்று காட்ட விரும்பினால், அச்சிட்ட படத்தாளோடு குறுந்தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுதல் நலம். தாளில் சில படங்களே இருக்கும். தட்டில் வெட்டுகள் அனைத்தும் இருக்கும். மதுரையிலோ திருச்சியிலோ உள்ள மருத்துவர் அதனைத் தம் கணிப்பொறியில் போட்டு எல்லாக் கோணங்களிலும் பார்த்துக்கொள்வார். இரண்டாம் முறை படமெடுக்கும் செலவும் கதிரும் மிச்சமாகும்.

வருமுன் காத்தலுக்கு ஒரு சொல். தலையின் மேற்பகுதியை மட்டும் மூடும் தலைக்கவசம் மூளையை ஓரளவு காக்கும், தாடையைக் காக்காது. மோவாயின் முன்னே வளைந்து வரும் கட்டுடைய முழுக்கவசத்தை அணிந்து, அதன் பட்டையைக் கழுத்தடியில் இறுக்கிப் பூட்டிக்கொள்வதே இருசக்கர வாகனத்தில் செல்வோர்க்குப் பாதுகாப்பு. வீட்டில் குழந்தை மோவாய் படும்படி விழுந்தால் அன்று மட்டும் பார்த்துவிட்டு விடாமல், பின்வரும் வாரங்களிலும் அதன் விரல்கள் மூன்று அதன் வாயில் நுழைகின்றனவா என்று பெற்றோர் பார்த்துவருதல் வேண்டும். ஒரு விரல் குறைந்தாலும் மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் நலம். அதற்குச் செலவில்லை, கதிரும் இல்லை.